நேசக்குமார் வாங்கிய பன்னிரண்டு

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதில் தூத்துக்குடியில் நேசக்குமாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துறைமுகத்து லாரிக்காரர்கள், உப்பளத்துக் கணக்குப்பிள்ளைகள், ஆணைக் காதலித்துக்கொண்டே பெண்ணைக் கட்டிக் குடும்பம் நடத்துகிறவர்கள் என்று ஏழு வருடத்தில் இருநூறு பேராவது அவன் பைக்கில் ஏறி ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போயிருப்பார்கள். இவனும் நம்மில் ஒருத்தன் என்ற தைரியம் அவர்களுக்கு. நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை, வயது முப்பத்தெட்டு. பெண் பார்த்துப் பார்த்து வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் சிவபாலன் போன் செய்தான். ஆத்தூரில் வெற்றிலை வியாபாரம் செய்கிறவன். நேசக்குமாரோடு இரண்டு வருடம் காதலனாகப் பழகிப் பிரிந்தவன்.

“எனக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்கல. மாத்திர சாப்பிட ஆரம்பிச்சிட்டேன். நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துரு.”

“எடுத்துருதேன்” என்றான் நேசக்குமார். மறுநாளே நம்பிக்கை மையத்துக்குப் போகவும் செய்தான், வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.

போன மாதம் அவன் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்தது. தன்பால் ஈர்ப்பும் இருபால் ஈர்ப்பும் உள்ள ஆண்கள் எச்.ஐ.வி. பற்றிய நினைப்பிலிருந்து எவ்வளவு தூரம் நழுவுகிறார்கள் என்று அளப்பதற்காம். பன்னிரண்டு கேள்வி. ‘இல்லவே இல்லை’ என்றால் ஒன்று, ‘எப்போதும்’ என்றால் ஐந்து. வெளியே எடுத்துப் போகும் முன் களப்பணியாளர் தானே ஒருமுறை பதில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கணினியில் பதிவு செய்யும் ஜெபசுதா வாசித்தாள்.

“‘அந்த நினைப்பு வந்தால் வேறு வேலையில் இறங்கிவிடுவேன்.’”

“ஒண்ணு.”

“‘அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன்.’”

“பேசுததே நம்ம பொழப்புதான. ஒண்ணு போடு.”

மொத்தம் பன்னிரண்டு வந்தது. அதற்குக் கீழே யாரும் வாங்க முடியாது; துளிகூட நழுவாதவன் என்று அர்த்தம். பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி அவனுக்கு ஒரு பூரிப்பு. வாத்தியார் பிள்ளை புத்தி எங்கே போகும்?

“கடைசியா டெஸ்ட் எடுத்த தேதி கேட்டிருக்கு அண்ணே.”

“ஆகஸ்ட் பதினாறு.”

ஜெபசுதா தட்டச்சு செய்யப் போனவள் நிறுத்தினாள். “அது செல்வதுரை அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போன நாளுல்லா? நான்தான கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.”

“அப்ப மார்ச்சு.”

“அது ஷாமுக்கு.”

பொய் சொல்லவேண்டும் என்று அவன் சொல்லவில்லை. மையத்துப் பெஞ்சும், ஸ்பிரிட் பஞ்சின் வாசனையும், முடிவு வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பதும் அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொரு ஆளோடும் உட்கார்ந்து பயந்திருக்கிறான். ஊசி மட்டும் அவன் கையில் ஏறவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் தன் கணக்கில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்திருக்கிறான் மனிதன்.

“தேதிய வெறுமனே விட்ரட்டுமா?” என்று ஜெபசுதா கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் பேச்சிச்செல்வி அவனைக் கண்டதும் வழக்கம்போலப் புதுச் சீட்டை எடுத்தார். “வாங்க சார். ஆளு எங்க?”

“வெளிய நிக்கான் மேடம். பயப்படுதான்.”

“நீங்க சொன்னா கேக்காமயா? முதல்லயே தெரிஞ்சா மாத்திர குடுத்து நல்லபடியா வச்சிரலாம்னு சொல்லுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க.”

போனான். பைக் பக்கத்தில் யாரும் இல்லை. இருநூறு பேரிடம் சொன்ன ஆறுதலில் ஒரு வார்த்தைகூட இப்போது நாக்கில் வரவில்லை. பயம், வெறும் பயம். சாவியைப் போட்டுத் திருகினான். வண்டி கிளம்பத் தயாராக உறுமியது. சிவபாலன் இதே வாசலில் தனியாக வந்து நின்றிருப்பான் என்று அப்போதுதான் தோன்றியது. அவனைக் கூட்டிவர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வண்டியை அணைத்தான்.

அவன் மட்டும் திரும்பி வருவதைப் பார்த்த பேச்சிச்செல்வி சீட்டை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

“ஓடிட்டானா?”

“ஓடத்தான் பாத்தான் மேடம்” என்று நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு மேசைமேல் கையை நீட்டினான் நேசக்குமார்.