மூடியைத் திறந்து பார்க்கவும்

ஆதார் அட்டையைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து மூடியைச் சாத்தும்போதே பரிமளாவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிடும். நகல் வெளியே வரும். அதைக் கொடுத்தபடி, "பழையசீவரத்துல மழையாண்ணா?" என்று விசாரிப்பாள். அதற்குள் அடுத்தவரின் பட்டாவுக்குக் கை நீளும். அசல் உள்ளேயே குப்புறக் கிடக்கும். இதற்காகவே ஜெராக்ஸ் கடை முதலாளி வகிதா இயந்திரத்தின் மேல் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள்: 'மூடியைத் திறந்து பார்க்கவும்.' உத்திரமேரூர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். சாமி கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, போகும்முன் மூடியை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டே போகிறார்கள்.

பரிமளாவுக்கு முப்பத்துநான்கு வயது. நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். கடை வேலையோடு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். ஒரே ஒரு தாளைத் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். அந்தத் தாளில் போன வருடம் குடவோலை முறை பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தது. சொந்த ஊர்க் கல்வெட்டாயிற்றே, விடுவாளா? பதினோரு பக்கம் எழுதினாள். மணி அடித்தபோது இரண்டாவது கேள்விக்கு எண் மட்டும் போட்டிருந்தாள்.

"கோயில் சுவத்துல கீறத சின்ன வயசுல இருந்து பாத்துக்கினு கீறேன்க்கா. ரெண்டு வரியில எப்டி முடிக்கிறது?" என்று வகிதாவிடம்தான் நியாயம் கேட்டாள்.

வரும் ஜூனோடு அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. இந்தத் தடவையும் போனால் எழுதித் தேறிய அத்தனையும் வீண். கவனக்குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்படி படிப்பு மையத்து மேடம் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் பார்க்கலாமாம். முதல் நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள், பக்கத்தில் நின்ற அம்மாளோடு பேச்சு சுவாரசியத்தில் செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாள். மறுநாள் வகிதாவே நின்று ஏற்றி அனுப்பினாள். திரும்பி வந்த பரிமளா சோதனையை விவரித்தாள்.

"கம்ப்யூட்டர்ல எழுத்தா வரும், எக்ஸ் வந்தா மட்டும் தட்டாத, மத்த எல்லாத்துக்கும் தட்டுனாங்க. தட்டிக்கினுதான் இருந்தேன். மேல ஃபேன் ஏழு சுத்துக்கு ஒரு வாட்டி 'கடக்'குங்குது. அத்த எண்ண ஆரம்பிச்சிட்டேன்."

"எழுத்து இன்னா ஆச்சு?"

"அது பாட்டுக்குப் போச்சுக்கா."

சோதனை அதோடு முடியவில்லை. தினமும் கூட இருப்பவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாகக் கூட இருப்பவள் வகிதாதான். அவளோ அதை மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்ததுபோல எடுத்துக்கொண்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கிற ஊரில், முகம் தெரியாத ஒருவர் அச்சடித்துக் கேட்டால் குறையா சொல்வாள்? பொருள்களை மறந்து விட்டுச் செல்வாரா? ஒருபோதும் இல்லை. பேசும்போது கவனம் சிதறுமா? ஒருபோதும் இல்லை. பதினெட்டுக் கேள்விக்கும் அதே பதில். அடியில் 'தங்கமான பெண்' என்று எழுதிக் கடை முத்திரையும் குத்தியிருந்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டு, வேறொரு வெற்றுப் படிவத்தைக் கொடுத்துத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

"நீ எழுதுனத வச்சிப் பாத்தா எனக்கு ஒண்ணுமே இல்லன்னுதான் எழுதணுமாம். இந்த வாட்டி உள்ளத எழுதுக்கா."

"மாட்டேன். மனசு டாக்டர் காயிதத்துல நான் கையெழுத்து போட்டா, நாளைக்கு எவனாச்சும் உன்ன லூசும்பான். அந்தப் பேஜார் என் கையால வேணாம்."

"இப்ப மட்டும் இன்னா சொல்றாங்க? நானே என்ன அப்டித்தான் சொல்லிக்கினு கீறேன். சோம்பேறி, மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு, பள்ளிக்கூடத்துல இருந்து. அதுக்கு வேற பேரு எதுனா கீதான்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்க்கா போனேன்."

வகிதா தாள்கட்டைப் பிரித்து அடுக்கினாள். பரிமளாவும் அதற்குமேல் கெஞ்சவில்லை. படிவம் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையோடு அதற்கு ஒரு நகல் எடுத்துப் பையில் வைத்தாள். வீட்டுக்குப் போகும் மாகறல் பேருந்து ஒலி எழுப்பியது. ஓடினாள். குடைக்காகத் திரும்பி வந்து, குடையை எடுத்துக்கொண்டு, டிபன் பாக்ஸை வைத்துவிட்டு மறுபடி ஓடினாள்.

பேருந்து திரும்பி மறைந்ததும் வகிதா இயந்திரத்தின் மூடியைத் தூக்கினாள். படிவம் குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். முதல் கேள்வி: பொருள்களை மறந்து விட்டுச் செல்வாரா? முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, 'எப்போதும்' என்ற கடைசிக் கட்டத்தில், தாள் கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டாள்.