பூண்டிக்குக் கொண்டுபோன மரபணு முடிவு

கொடைக்கானலுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லாருக்கும் பொறாமை. அதையும் தாண்டி மலைக்குள் இருக்கும் பூண்டி கிராமத்துக்கு என்றதும் அது போய்விட்டது. ஏரியும் சாக்லேட் கடையும் இல்லாத கொடைக்கானலை யாரும் மதிப்பதில்லை. சென்ற பிப்ரவரியில் நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களை ஆராய்வது என் வேலை. மதுரையில் நாங்கள் நடத்திய முகாமில் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு முடிவு வந்திருந்தது. அதைப் போனில் சொல்வது எங்கள் வழக்கமில்லை. (அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கு மணி நேரம். அங்கிருந்து பூண்டி இன்னும் நாற்பது. வளைவுகளோடு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஜீப் கேட்டேன். "பூண்டியா? திரும்பி வர சவாரி கெடைக்காதுங்க. ரெட்டை வாடகை ஆகும்," என்றார் ஓட்டுநர். பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மன்னவனூர் தாண்டியதும் என் போனில் சிக்னல் போனது. வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். நான் பிடிக்கவில்லை, அனுபவித்தேன்.

அந்தக் குடும்பத்தின் முருகேசன் பூண்டி நிறுத்தத்தில் காத்திருந்தார். கேரட்டும் பூண்டும் போடுகிற விவசாயி. வீட்டில் மனைவி ஜோதி, ஐந்து மாதக் கர்ப்பிணி; ஆறு வயது மகன் கவின், இன்னும் ஒரு சொல்கூடப் பேசாதவன். கவின் வயிற்றில் இருந்தபோது, சூரிய கிரகணத்தன்று ஜோதி தோட்டத்துக்குப் போய் அரிவாளால் கேரட் தழை அறுத்திருக்கிறார். கர்ப்பிணி அன்று வெளியே வரக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது என்பது வழக்கம். பையன் பேசாததற்கு அதுதான் காரணம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. சொன்ன பேச்சு கேட்காதவள் என்ற பெயர் ஜோதிக்கு. வயிற்றில் இருப்பதும் அப்படித்தான் பிறக்கும் என்று காதுபடவே பேசுகிறார்களாம்.

கவின் ஒரு டம்ளரைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவனுடைய ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அது அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. கரு உண்டானபோதே புதிதாக வந்தது.

"அப்ப கெரகணம்?" என்றார் முருகேசன்.

"கிரகணம் வர்றதுக்கு முன்னாடியே அது வந்தாச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை."

"வயித்துல இருக்கிற இதுக்கு, டாக்டரம்மா?" என்றார் ஜோதி. நான் மருத்துவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு, அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றேன். கவின் பேசுவானா என்று கேட்டார். தெரியாது என்றேன். என் வேலையில் எனக்குப் பிடிக்காத பதில் இது.

முருகேசன் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தாங்க அன்னைக்கு இவளக் கூப்பிட்டேன். லாரி வந்து நிக்கிது, கூலியாளு வரல. வெரசா வான்னு சத்தம் போட்டேன். இவளா போனதா ஊர்ல பேசுனாங்க. நானும் கம்முனு இருந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஜோதிக்கு வரவில்லை.

"குத்தமே இல்லைன்னு ஆனப்பெறகு ஒத்துக்கிடுறீங்க. குத்தமா இருந்தப்பல்ல சொல்லியிருக்கணும்?"

"ஊர்ல சொல்லிர்றேன் ஜோதி. டெஸ்ட்டுல ஒம்மேல குத்தம் ஒண்ணும் இல்லைன்னு..."

"டெஸ்ட்டு பெறகு. மொதல்ல நீங்க கூப்பிட்டத மட்டும் சொல்லுங்க. என்னப் பாக்குற மாதிரி அவங்க ஒங்களையும் ஒரு நா பாக்கட்டும்."

ஜோதி எழுந்து அடுப்படிக்குப் போனார். காபி வந்தது, குடித்தேன்.

பூண்டிக்குப் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் போதாது, குல்லாவும் வேண்டும். கையில் ரொக்கம் வைத்திருங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விட்டால் ராத்தங்கல்தான். எங்களைப் போல வேலையாக வருகிறவர்கள் முடிவைச் சொன்ன கையோடு கிளம்பாதீர்கள். நான் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தேன்.

அடுத்த பஸ்ஸுக்கு முருகேசன் கூட வந்தார். நிறுத்தத்து டீக்கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"என்னப்பா, டாக்டரம்மா என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்றார் ஒருவர்.

முருகேசன் என்னை ஒரு முறை பார்த்தார். சாட்சிக்குக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அது பெறகு சொல்றேன் அண்ணே," என்றார். "கெரகணத்தன்னைக்கு ஜோதியத் தோட்டத்துக்கு வரச் சொன்னது நான்தான்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பஸ் கிளம்பியது.