சொருகாத வயர்

குழித்துறைப் பக்கம் எங்கள் சர்ச் சபையில் ஸ்டான்லி வாசித்த பழைய கீபோர்டை ‘தகர டப்பா’ என்று கமிட்டியில் பேசி, துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணனைப் புதுசு அனுப்ப வைத்தவன் நான். புதியதன் பிரதிஷ்டை ஆராதனையில் அவன் பழையதிலும் நான் புதியதிலும் ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து வாசித்தோம்.

“புதுசுக்க சத்தம் தனிதான், கேட்டியளா” என்றார் செயலாளர். எனக்கும் புல்லரித்தது.

எல்லாரும் போனபின் பார்த்தால், என் கீபோர்டு வயர் சவுண்ட் மிக்சரில் சொருகாமலே கிடந்தது. சபை கேட்டது முழுக்க தகர டப்பாவைத்தான். ஸ்டான்லியும் பார்த்துவிட்டான்.

“வெளிய சொல்லாத மக்கா. அண்ணன் வெயிலுல நின்னு சம்பாதிச்சதாக்கும்.”

நான் சொல்லவில்லை, அண்ணனுக்காக அல்ல, என் மானத்துக்காக. கமிட்டி பழையதை விற்றது. ஸ்டான்லி அதன்பின் வாசிக்க வரவில்லை.

இன்றும் யாராவது சத்தத்தைப் புகழ்ந்தால், என் கை வயரைத் தடவிப் பார்க்கிறது.