ஸ்வெட்டரோடு அளந்த ரவிக்கை

எங்கள் மலையூர் கொட்டச்சேட்டில் சாந்தாமேரிக்குத் தையல் தெரியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அம்மாவின் தையல் மிஷின் சீதனமாக அவளிடம் வந்தது. அது அவளுக்கு நகையைவிட உசத்தி. தைக்கத் தெரியாதவளைப் பாதிப் பெண்ணாகத்தான் கணக்கில் வைப்பாள். நான் அந்தப் பாதியில் சேர்ந்தவள் என்பதால் என்மேல் அவளுக்குத் தனி இரக்கம்.

அளவு ரவிக்கை கொண்டுபோனால் கோபம் வந்துவிடும். டேப்பை உடம்பில் வைத்து அளப்பதுதான் அவள் அம்மா காட்டிய முறை. ஆனால் எங்கள் மலைக் குளிரில் ஸ்வெட்டரை யார் கழற்றுவது? அதன் மேலேயே அளப்பாள். ரவிக்கை தொளதொளவென்று வரும். அதையும் ஸ்வெட்டருக்குள் போட்டு மறைத்துக்கொள்வோம். இப்படியே பல வருஷம் அவள் பெயர் கெடாமல் ஓடிவிட்டது.

எண்பத்தாறில் அவள் மகள் லூர்துசெல்விக்குச் சேலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சாந்தாமேரி குடும்பத்தில் கல்யாண ரவிக்கையைத் தாய்தான் தைக்க வேண்டும். பங்குச் சாமியார் மந்திரித்த பிறகு அதில் ஊசியோ கத்தரியோ படக்கூடாது. கல்யாணத்தன்றுதான் பெண் அதை முதன்முதலாகப் போட வேண்டும். தை மாதக் குளிரில் மகளின் கையில்லாத கம்பளி ஸ்வெட்டர் மேல் டேப்பைச் சுற்றி அளந்து, சாந்தாமேரி பட்டுத் துணியை வெட்டினாள்.

கல்யாணம் மே மாதம், சேலத்தில். விடியற்காலை பஸ்ஸில் மலை இறங்கி, சம்பந்தி வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் செய்தோம். செல்வி ரவிக்கையைப் போட்டாள். அதற்குள் இன்னொருத்தியும் தாராளமாக நுழையலாம். சேலத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சம்பந்தியம்மா நல்ல மனுஷி. தன் மகளின் ரவிக்கை ஒன்று சரியாக இருக்கும், எடுத்துவரட்டுமா என்று கேட்டார். சாந்தாமேரிக்கு முகம் செத்துப்போனது. தன் கையால் தைத்தது இல்லாமல் மகள் பீடத்தின் முன்னால் நிற்பாளோ என்ற பயத்தில் ரவிக்கையின் பக்கங்களை இழுத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பார்த்த எனக்கே அழுகை வந்தது.

"வேண்டாங்க அத்தை. எங்கம்மா தெச்சதுதான் போடுவேன்," என்றாள் செல்வி. பிறகு அம்மாவிடம், பஸ்ஸில் போட்டுவந்த அதே ஸ்வெட்டரை எடுக்கச் சொன்னாள்.

அதை உள்ளே போட்டதும் ரவிக்கை கச்சிதமாகப் பொருந்தியது. கழுத்தில் எட்டிப் பார்த்த கம்பளியை முக்காடு மறைத்தது. வெளியே அக்கினி நட்சத்திரம். பூசை முழுக்கச் செல்வியின் முகத்தில் வேர்வை தாரைதாரையாக வழிந்தது. பிறந்த வீட்டை நினைத்து எப்படி அழுகிறாள் பார் என்று சேலத்துக்காரர்கள் உருகினார்கள்.

மறு வருஷம் செல்வி ஏழு மாதக் கர்ப்பத்தோடு மலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதே ரவிக்கை. இந்த முறை உள்ளே ஸ்வெட்டர் இல்லை, ஆனாலும் பிடித்துவைத்தாற்போல் இருந்தது. கோவில் வாசலில் சாந்தாமேரி மகளைத் திருப்பித் திருப்பி எங்களுக்குக் காட்டினாள்.

"அளவுல ஒன்னுந் தப்பில்லீங்க," என்றாள். "கல்யாணந்தான் முந்திக்கிச்சு."