ஆடியில் கிடைத்த மாடி வீடு

கடந்த ஆண்டு ஜூன் மாதம், மொன்றியலில் நடந்தது இது. இந்தத் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் வேளாண் வளாகத்தில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது மேற்கு மாம்பலம். சென்னையை விட்டு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் யாராவது சென்னை என்று வாயெடுத்தால் போதும், அந்த ஊருக்கு நான்தான் மேயர் என்பது போலப் பேச ஆரம்பித்துவிடுவேன். என் கணவர் பாவம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்.

எங்கள் கூடத்தில் ஒரு கியூபெக் மாணவி. முப்பது வயது இருக்கும். நான்கு வயதுப் பெண் குழந்தையைத் தனியாளாக வளர்ப்பவள். ஏரி மண்தான் அவளுடைய ஆராய்ச்சி. சென்னையில் ஒரு வருடம் தங்கி, அங்குள்ள ஏரிகளை ஆராய அவளுக்கு உதவித்தொகையோடு ஒரு வாய்ப்பு வந்தது. ஜூலைக் கடைசியில் அங்கே இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். "குழந்தையையும் வைத்துக்கொண்டு இந்தப் பணத்தில் சமாளிக்க முடியுமா?" என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். இதற்காகவே நான் இத்தனை வருடம் காத்திருந்தது மாதிரி இருந்தது எனக்கு.

புதன்கிழமை மதிய உணவு நேரம் முழுக்க என் பிரசங்கம்தான். கோட்டை கட்டிய கதை, கிராமங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நகரமான கதை, கபாலி கோயில் தேர், மார்கழிக் கச்சேரி, சபா கேன்டீன் என்று ஒன்றையும் விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வாடகை எவ்வளவு ஆகும்?" என்றாள். நான் மாம்பலத்தில் இருந்த காலத்து வாடகையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லி, ராணி மாதிரி இருக்கலாம் என்று அடித்துவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன உறுத்தல். மறுநாள் காலையில் சென்னையில் இருக்கும் அத்தை மகனைக் கூப்பிட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் வானத்தை முட்டும் அடுக்குமாடியில், நீச்சல்குளத்தோடு வசிப்பவன். நான் சொன்ன வாடகையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நீ எந்தக் காலத்துல இருக்கே? அட்வான்ஸே பத்து மாச வாடகை கேப்பாங்க. அதுவும் ஆடி மாசத்துல வந்து நின்னா எவன் குடி வெப்பான்? பேசாம ஆவணியில வரச் சொல்லு."

அட்வான்ஸை நான் மறந்தே போயிருந்தேன். கியூபெக்கில் வீட்டுக்காரர் முன்பணம் என்று வாயைத் திறக்கவே கூடாது, சட்டம் அப்படி. ஆடியையும் மறந்துவிட்டேன். ஜூலை முதல் தேதி ஊரே ஒட்டுமொத்தமாக வீடு மாறி, நடைபாதையெல்லாம் சோபாவும் கட்டிலுமாகக் கிடக்கிற நகரத்தில் இருந்துகொண்டு ஆடி எங்கே ஞாபகம் வரும்?

வெள்ளிக்கிழமை அவளிடம் போய், நான் சொன்னது தப்பு, அந்தப் பணம் போதாது, வீடும் கிடைக்காது, விட்டுவிடு என்று சொன்னேன். அவள் அழவில்லை. "மெர்சி, உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றாள். மேசையில் குழந்தை வரைந்த படம் ஒன்று இருந்தது. ஒரு விமானம், அதன் ஜன்னலில் இரண்டு தலைகள். அதை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினாள்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல செயின்ட்-மிஷேலில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனேன். கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்பப் பொட்டலம் எல்லாம் அங்கேதான். கடையை நடத்துகிற அம்மாள் மட்டக்களப்புக்காரர். ஏறத்தாழ என் வயதுதான். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்பதில் இரண்டு பேருமே விட்டுக்கொடுப்பதில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

"என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு?" என்றார். நடந்ததைச் சொன்னேன். ஆடி மாதம் என்று நான் சொன்னதும் பழப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆருக்கா உங்களுக்குச் சொன்னது? வசதி இல்லாத ஆக்கள் ஆடியிலதானே வீடு எடுக்கணும்! ஆனியில காலி பண்ணின வீடு ஆவணி வரைக்கும் சும்மா பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் தன்னால இறங்கி வருவார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போரூர்ல எட்டு வருசம் இருந்தனான்."

கணவர் கனடாவுக்கு முன்னால் வந்துவிட, ஸ்பான்சர் கிடைக்கும் வரை கைக்குழந்தையோடு சென்னையில் காத்திருந்தவர் அவர். நான் விமானம் ஏறிய அதே வருடம் அவர் அங்கே போய் இறங்கியிருக்கிறார். இலங்கை ஆள் என்றதும் வளசரவாக்கத்தில் கதவைச் சாத்தினார்களாம். கவிச்சி சமைப்பீர்களா என்று கேட்டு வேறு சிலர் சாத்தினார்களாம். தண்ணீர் லாரி வரும் நாள், ஷேர் ஆட்டோ நிற்கும் மூலை, பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம், ஏரிக்கரையில் மீன் வாங்கும் இடம் என்று அவர் அடுக்க அடுக்க, என் கபாலி கோயில் தேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. ஏரி! நான் ஒரு மணி நேரம் பேசிய சென்னையில் ஓர் ஏரிகூட இல்லை. ஏரியை ஆராயப் போகிறவளிடம் கச்சேரியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"மறுகா என்ன? கேட்டுப் பார்ப்போம்" என்றபடி போனை எடுத்தார். மறுகா என்றால் அவர்கள் ஊரில் 'பிறகு' என்று அர்த்தம். அங்கே அப்போது சாயங்காலம். ஸ்பீக்கரில் போட்டு அவர் பேச ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"ஹலோ, அக்கா! நான்தான் பேசறேன். சாப்டாச்சா? மாடி போர்ஷன் காலியாவுதுன்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே, ஆள் கெடச்சிட்டாங்களா?"

இத்தனை நேரம் மட்டக்களப்பில் பேசியவர் ஒரு நொடியில் போரூருக்குப் போய்விட்டார். என் சென்னைத் தமிழ் ஃப்ரிட்ஜில் வைத்தது, அவருடையது அடுப்பிலிருந்து இறக்கியது.

மறுமுனையில் அவருடைய பழைய வீட்டுக்கார அம்மாள். "எம்மா நாளாச்சுடி ஒன் கொரலக் கேட்டு!" என்று ஆரம்பித்தவரிடம் இவர் விஷயத்தைச் சொன்னார். வெள்ளைக்காரப் பெண், தனியாள், கையில் குழந்தை, ஏரியில் வேலை, வருவது ஆடியில். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அட்வான்ஸ் அதிகம் தர முடியாது என்றார். எனக்குக் கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "ரெண்டு மாசம் குடுத்தா போதும். ஆடி மாசம் வந்தா வர்ட்டுமே. நீயும் ஆடியிலதான் கொழந்தயோட வந்து நின்னே. என்ன கெட்டுப்போச்சு?"

கடைக்கார அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர், ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு இவ்வளவு நேரமா என்று பிரெஞ்சில் முணுமுணுத்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.

கடை வாசலில் நின்றே மாணவிக்குப் போன் செய்தேன். நம்பவில்லை அவள். நான்கு நாளில் மூன்றாவது முறையாக மாற்றிப் பேசுகிறவளை யார்தான் நம்புவார்கள்? மதியம் குழந்தையோடு கடைக்கே வந்தாள். அக்கா மறுபடி போரூரைப் பிடித்தார். அங்கே தூங்கப் போன அம்மாள், வீடியோவில் குழந்தையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, மாடியில் விளக்கைப் போட்டு, அறை அறையாகக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அந்தப் பக்கம்தான் ஏரி என்றார். திங்கட்கிழமை காலையில் மாணவி சம்மதம் அனுப்பிவிட்டாள்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் குடி போனார்கள். பால் காய்ச்சியது வீட்டுக்கார அம்மாள்தான். டிசம்பரில் வாசல் கேட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு தொங்கும் படம் வந்தது. முன்பு நம் கடைக்கார அக்கா கட்டித் தொங்கவிட்ட அதே ஆணியில் தொங்குகிறது என்று வீட்டுக்கார அம்மாளே சொல்லி அனுப்பினாராம். இப்போது அந்தக் குட்டி வீடியோவில் வந்ததும் போன்ழூர் என்று வணக்கம் சொல்வதற்குப் பதில் "சாப்டியா?" என்கிறது. தக்காளி விலை, கத்தரிக்காய் விலை எல்லாம் அதன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

என் ஊரைப் பற்றி இப்போதும் நிறையப் பேசுகிறேன், அந்தக் குணம் எங்கே போகும்? ஆனால் முருங்கைக்காய் பிஞ்சா முற்றலா என்று மட்டும் பதினொரு வருடமாகக் கேட்ட வாயால், எதிரில் நிற்பவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப் பழகிக்கொண்டேன்: இங்கே வருவதற்கு முன்னால் நீங்கள் எங்கெல்லாம் இருந்தீர்கள்?