இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி

என் தாய்மாமன் ஒரு சினிமாவில் ஏறக்குறைய அரை மணி நேரம் நடித்திருக்கிறார். அதில் ஒரு நொடிகூட அவர் முகம் தெரியாது.

சிங்கப்பூர் ஸ்டூடியோ ஒன்று எடுத்த மலாய்ப் படம் அது. நீல முகமூடியும் வெள்ளி நிற அங்கியும் அணிந்த ஒருவன் வானத்தில் பறப்பான், லாரியைத் தூக்குவான், கெட்டவர்களைக் கடலில் எறிவான். பேசும் இடங்களில் பெரிய நடிகர் வருவார். குதிப்பது, தொங்குவது, விழுவது எல்லாம் மாமா. மின்சாரக் கம்பம் ஏறும் வேலையில் இருந்தவர் அவர். உயரம் அவருக்குப் பழகிய இடம். படப்பிடிப்பு மலாக்காவில் நடந்தபோது பெரிய நடிகருக்கு உயரம் ஒத்துவராமல் போக, யாரோ மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

முகமூடிக்காரன் வலது கையால் படகுத்துறையின் கடைசித் தூணைப் பிடித்துத் தொங்குவதும், பிடி நழுவிக் கடலில் விழுவதுமாக அந்தப் படம் முடிந்தது. படம் நன்றாக ஓடியது. நாங்கள் இருந்த காஜா பெராங்கில் மட்டும் மாமாவை யாரும் நம்பவில்லை. காப்பிக் கடையில் நடந்ததை அவரே வீட்டில் நடித்துக் காட்டுவார்.

"நீதான்னா மூஞ்சி எங்கடா?"

"மூஞ்சிய மூடியிருக்குலா."

"அப்ப நானும் சொல்லிக்கலாமே, அது நான்தான்னு. எனக்கும் மூஞ்சி மூடியிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு இரண்டாம் பாகம் எடுக்க அதே குழு மறுபடியும் வந்தது. இயக்குநர் மதராஸ் பக்கத்துக்காரர். விழுந்தவன், நழுவிய அதே கையால் பிடித்து, கடலுக்குள்ளிருந்து எழுந்து வருவதுதான் முதல் காட்சி. கதையில் நடுவே ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. ஆகவே எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக் குறித்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அப்போதுதான் வரைபடப் பயிற்சியை முடித்துவிட்டு, அலுவலக வேலைக்கான கடிதத்துக்காக வீட்டில் காத்திருந்தேன். "எங்க அக்கா மக இருக்கா, அவ கண்ணுலேருந்து ஒண்ணும் தப்பாது" என்று மாமா இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவர் அவர்தான்.

மலாக்காவை ஒட்டிய செமாபோக்கில் வாடகைக்கு எடுத்த ஒரு சரக்குக் கிட்டங்கியில், கையால் சுற்றிப் பார்க்கும் சிறிய கருவியில் பழைய படத்தின் கடைசிச் சுருளை மூன்று நாள் பார்த்தேன். ஒவ்வொரு படச்சட்டமாக நிறுத்திப் பட்டியல் எழுதினேன். அங்கியில் இடது ஓரத்தில் நான்கு விரல் நீளக் கிழிசல். இடுப்புப் பட்டையில் மூன்றாவது துளை. முகமூடியின் முடிச்சு காதுக்குப் பின்னால், மேலே அல்ல. தண்ணீர், தூணை ஒட்டிய ஏணியின் ஐந்தாம் படி வரை. பிடிக்கும் கை வலது. பின்னணியில் சுங்கக் கட்டடத்தின் மேல் பழைய பிரிட்டிஷ் கொடி. கடைசி வரியைப் படித்துவிட்டு இயக்குநர், "ஒரு நிமிஷத்துல ஒரு நாடு மாறிருச்சே" என்றார். பிறகு கொடிக்கம்பம் தெரியாதபடி கேமராவைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

இந்தப் படத்தில் மாமாவுக்கு ஒரு பரிசு இருந்தது. முகமூடிக்காரன் ஈரத்தோடு சந்தைக்குள் வரும்போது ஒரு மீன்காரன் அவனுக்கு உடுத்தச் சாரோங் ஒன்றை எடுத்துக் கொடுப்பான். அந்த மீன்காரன் மாமா. முகமூடி கிடையாது. மலாயில் இரண்டு வரி வசனம். "உன் மூஞ்சிய இந்தத் தடவ ஊரே பாக்கும்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மாமா சவரம் செய்யும்போதும் துணி காயப்போடும்போதும் அந்த இரண்டு வரிகளையும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மீன வித்து முடிச்சிட்டு சாப்பிட வாடா" என்பாள் அம்மா.

"அக்கா, இது விக்கிற மீன் இல்ல. நடிக்கிற மீன்."

மீன் கடைக் காட்சியைக் கடைசியில்தான் எடுப்பதாக இருந்தது.

முதல் காட்சியைத் தண்ணீர் நிறைந்து நிற்கும் ஒரு காலை நேரத்தில் எடுத்தார்கள். மலாக்காக் கடலில் தண்ணீர் இறங்கிவிட்டால் வெறும் சேறுதான். ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக் கொடுத்தவள் நான். மாமா அங்கியோடு இறங்கி மூழ்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பழுப்புத் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கை எழுந்து ஏணியின் இரும்பைப் பிடித்தது. பிறகு தலை, தோள், நனைந்த அங்கி. படகுக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். இயக்குநர், "இதுக்கு மேல என்ன வேணும்" என்றார்.

நான் தாளைப் பார்த்தேன். பிடிக்கும் கை வலது. எழுந்த கை இடது.

மாமா துண்டைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பேனாவைத் திறந்திருந்தேன்.

"என்ன எழுதுற, புள்ள?"

"கை, மாமா. போன படத்துல வலது கை."

அவர் சுற்றிலும் பார்த்தார். "எழுதாதலா. யாரு பாக்கப் போறா?"

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. போன தடவ விழுந்தப்ப புடிச்சிக்கிச்சி. தோளுக்கு மேல தூக்க முடியல. மீன் கட முடியட்டும், நானே சொல்லிடுறேன்."

பழைய படம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சட்டையை இடது பக்கமாகக் கழற்றியதையும், மேல்தட்டில் இருந்த டின்னை என்னை எடுத்துத் தரச் சொன்னதையும், கம்பம் ஏறுவதை விட்டுச் சாமான் கிடங்குக்கு மாற்றிக்கொண்டு "வெயில் தாங்கல" என்று சொன்னதையும் அப்போதுதான் வரிசையாக நினைத்தேன். எதுவும் தப்பாத கண் என்று அவர் சொன்ன கண்தான் இது.

அடுத்த வாரம் பாரந்தூக்கியிலிருந்து அவரை ஒற்றைக் கையால் தொங்கவிட்டுப் பறக்கும் காட்சி எடுப்பதாக இருந்தது. அதை நினைத்துத்தான் எழுதினேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். தவறான ஒரு வரியைத் தாளில் விட்டுவைக்க என் கைக்கு வராது என்பதும் இருக்கலாம். 'முன்பு வலது. இப்போது இடது' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டு இயக்குநரிடம் கொடுத்தேன்.

ஏன் இடது என்று எழுதவில்லை. அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. தோளில் அடி என்று சொன்னால் மீன் கடை போய்விடும், மாமாவே சொல்லட்டும் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று மாமா நினைத்திருக்க வேண்டும்.

இயக்குநர் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார். "நல்ல வேளை, பாத்தியேம்மா." பிறகு மாமாவிடம், "ஒண்ணும் இல்லப்பா, கைய மாத்தி இன்னொரு தடவ பண்ணிடு. தண்ணி எறங்குறதுக்குள்ள" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மற்றதைச் சொல்லவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி அவரும் சொல்லலாம், நானும் சொல்லலாம். துண்டை என் நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு அவர் ஏணியில் இறங்கினார். நான் அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை வலது கை எழுந்தது. இரும்பைப் பிடித்தது. உடம்பின் பாரம் அதில் இறங்கியதும் ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கட்டையை முறித்த மாதிரி. கை விரிந்தது, தண்ணீர் மூடிக்கொண்டது. படகுக்காரர்கள் குதித்து அவரை இழுத்துப் போட்டபோது முகமூடி இன்னும் முகத்தில்தான் இருந்தது. முடிச்சு காதுக்குப் பின்னால், சரியான இடத்தில். அதை அவிழ்க்க என் விரல்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார். பறப்பதற்குச் சிங்கப்பூரிலிருந்து வேறு ஆள் வந்தான். மீன் கடைக் காட்சியைக் குறித்த நாளிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். அதற்கும் தாள் எழுதியது நான்தான். தராசு இடது பக்கம், சாரோங் பச்சைக் கட்டம், மீன்காரன் வேறு ஆள். இயக்குநர் ஒரு தடவை ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "அடுத்த படத்துல கண்டிப்பா" என்றார். மாமா தலையை ஆட்டினார். அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

படம் வந்ததும் மாமாதான் கூப்பிட்டார். "வா புள்ள, பாத்துட்டு வந்துடுவோம்." பகல் காட்சிக்குப் போனோம். கச்சான் கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையில் எடுத்து, மேலே வராத கைக்குத் தலையைக் குனித்துத் தின்றார்.

விளக்கு அணைந்தது. பழுப்புக் கடல். தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு கை எழுந்தது. கூட்டம் விசிலடித்தது.

இடது கை.

முதலில் எடுத்ததையே வைத்துவிட்டார்கள். அந்த அரங்கத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

"மொத தடவ எடுத்தது" என்றார் மாமா.

"ஆமா, மாமா."

"நல்லாத்தான் வந்திருக்கு."

  சந்தைக் காட்சி வந்தது. தராசுக்குப் பின்னால் யாரோ ஒருவன் நின்றுகொண்டு சாரோங்கை நீட்டினான். அவன் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே, பக்கத்து இருக்கையில் மாமாவின் உதடுகள் அசைந்தன.