பிளசரும் ரெண்டு சீட்டுக் காரும்

ஐம்பதுகளில் ஓராண்டு எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று நாலு கதவு வைத்த பிளசர். அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக் காரை அப்படித்தான் சொல்வோம். இன்னொன்று துணிக் கூரை போட்ட, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் சின்னக் கார். போடியில் ஏலக்காய்க் கடையும் மலை உச்சியில் போடிமெட்டுக்கு அந்தப்புறம் கொஞ்சம் ஏலத்தோட்டமும் வைத்திருந்த எங்களுக்கு இது அதிகம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

சின்னக் கார் பக்கத்து எஸ்டேட் வெள்ளைக்காரருடையது. அவர் சீமைக்குத் திரும்பியபோது என் கணவர் அதை வாங்கிவிட்டார். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவர், திரும்பி வரும்போது அதிலேயே வந்து இறங்கினார். சட்டையெல்லாம் செம்மண், தலைமுடி காக்கைக்கூடு. அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

எனக்கும் கார் ஓட்டத் தெரியும். என் அப்பா கம்பத்தில் பஸ் வைத்திருந்தவர். ஷெட்டுக்குள் பஸ்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரே மதுரைக்குக் கூட்டிப்போய் லைசென்சும் வாங்கிக் கொடுத்தார். சிலமலை, தேவாரம் என்று சமவெளிச் சாலையில் பிளசரை நான்தான் ஓட்டுவேன். மலைக்கு மட்டும் அவர் விடமாட்டார். சின்னக் காரைத் தொடவே விடமாட்டார்.

"அது ஒன் கைக்கு ஆகாது. ரொம்பத் துடியான வண்டி" என்பார்.

பிளசரும் சாதாரண வண்டி இல்லை. மதுரையில் விற்றவர்கள் அதை ஸ்போர்ட்டு மாடல் என்று சொல்லித்தான் விற்றார்கள். மற்றக் கார்களைவிட இஞ்சினுக்கு வலு அதிகம், ஸ்பிரிங் கெட்டி, வளைவில் அவ்வளவாகச் சாயாது. அது வந்த புதிதில் என் கணவர் அதைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார். சின்னக் கார் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால், சோற்றுத் தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்.

"பிளசர் ஸ்டியரிங்கு இருக்கே, அது தபால் எழுதிப் போடுற மாதிரி. நீ இங்க திருப்புனா, அது போயிச் சேந்து, படிச்சுப் பாத்து, அப்புறந்தான் சக்கரம் திரும்பும். சின்னது அப்படி இல்ல. எதுக்க நின்னு பேசுற மாதிரி. நீ நெனைக்கிறப்பவே திரும்பிரும். ரோட்டுல ஒரு கல்லு கெடந்தாக்கூட கையில வந்து சொல்லும்."

"கல்லு கெடக்குறத நான் கண்ணால பாத்துக்கிர்றேன். நீங்க சோத்தச் சாப்பிடுங்க" என்பேன்.

இதற்குள் அவர் ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். பிளசரை விற்றுவிட்டுச் சின்னதை வைத்துக்கொள்வது. தேனியில் ஒருவர் கேட்டிருந்தார். என் மாமியாரை எங்கே உட்காரவைப்பது, நாத்தனார் பிள்ளைகளோடு வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், "பஸ்சுல வரட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கோபம் ஆறாமலேதான் காய் எடுப்பைப் பார்க்க அவரோடு தோட்டத்துக்குப் போனேன். சின்னக் காரில்தான் ஏறினோம். மழை விட்டும் விடாமலும் இருந்த நாள். வளைவுக்கு வளைவு அவர் குஷியாக ஓட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் எனக்கு ஒரு கல்லும் வந்து எதுவும் சொல்லவில்லை. இடுப்பில் குத்தியது, அவ்வளவுதான்.

ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் தரையில் படர்ந்து, அதில்தான் காய் பிடிக்கும். குனிந்து தழையை விலக்கித்தான் பறிக்க வேண்டும். பெண்கள் பறித்துக்கொண்டிருந்த வரிசையில் ஒரு சரத்தைத் தூக்கிப் பார்க்க என் கணவர் வலது கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். முள் குத்தியது போலத்தான் முதலில் பார்த்தார். பிறகு தழைக்குள் இலையோடு இலையாகப் பச்சையாக ஒன்று அசைந்தது. பக்கத்தில் நின்ற கங்காணி, "ஐயோ மொதலாளி, விரியன்!" என்று கத்தினார்.

கங்காணி தன் தலைத்துண்டைக் கிழித்து அவர் முழங்கைக்குக் கீழே கட்டினார். கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு புள்ளி ரத்தம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கத் தொடங்கியது. தோட்டத்து ஜீப் காலையிலேயே லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிவிட்டது. பிளசர் வீட்டில் நின்றது. இருந்தது சின்னக் கார் ஒன்றுதான்.

"நான் ஓட்டிக்கிர்றேன்" என்று அவர் இடது கையால் சாவியைத் தேடினார். வேட்டி மடிப்பிலிருந்து அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"அம்மா, வெரசாப் போயிருங்க. ஆனா பதறாமப் போங்க" என்றார் கங்காணி.

வெரசாகவும் பதறாமலும் எப்படிப் போவது என்று அவர் சொல்லவில்லை.

தோட்டத்திலிருந்து போடிமெட்டு வரை அவ்வளவு மோசமில்லை. செக்போஸ்ட்டில் என்னைப் பார்த்ததும் கம்பைத் தூக்கிவிட்டார்கள். மெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியபோது மேகம் சாலைமேல் உட்கார்ந்திருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பிளசருக்குத் திருப்புகிற அளவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் விசுக்கென்று உள்பக்கம் பாய்ந்து, பாறைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இஞ்சின் அணைந்துவிட்டது.

என் கணவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"அம்புட்டுத் திருப்பாத புள்ள. பாதி போதும். பாதிகூட வேணாம்."

"என்னங்க, இது என் கைக்கு அடங்கல."

"அடங்கும். இறுக்கிப் பிடிக்காத. கோழிக்குஞ்ச வச்சிருக்க மாதிரி வச்சுக்க. செகண்டு கியர்லயே விடு."

மறுபடியும் கிளப்பினேன். அடுத்த வளைவில் பாதிதான் திருப்பினேன். கார் நான் நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போனது. அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. பிளசரில் வளைவு வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்க வேண்டும். முதலில் ஸ்டியரிங் கொஞ்சம் சும்மா சுற்றும், பிறகு மூக்கு திரும்பும், பிறகு பின்பாகம் மெதுவாக வந்து சேரும். நடுவில் நாம் யோசித்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இதில் அந்த இடைவெளியே இல்லை. கை எவ்வளவோ, வண்டி அவ்வளவு. தப்பும் அவ்வளவுதான், உடனேதான்.

நாலைந்து வளைவு இறங்கியதும் அவர் தலை தொங்கத் தொடங்கியது. தூங்க விடக்கூடாது என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். அவரை உசுப்ப எனக்குத் தெரிந்தது ஒரே வழி.

"இந்த வண்டிக்குப் பிளசரே தேவலங்க" என்றேன்.

தலை நிமிர்ந்தது. "என்னது?"

"கை வலிக்குது. ஒவ்வொரு குழியும் தோள்பட்டை வரைக்கும் ஏறுது. இதையா எதுக்க நின்னு பேசுதுன்னீங்க? இது கத்துது."

"கத்தலடி, ரோட்டச் சொல்லுது! இப்ப என்ன சொல்லுது, சொல்லு பாப்போம்."

"லேசாகிப் போச்சு. ஸ்டியரிங்கு கனமே இல்ல."

"அப்ப ஈரம். இலை கெடக்கும். பிரேக்கு மிதிக்காத, அப்படியே விடு... இப்ப?"

"கனம் வந்திருச்சு."

"பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். இப்பத் திருப்பு. பிளசர்ல இது தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. தெரியாமலே பத்திரமாத்தான் போயிருக்கேன்."

"சமவெளியில போயிருப்ப!"

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு இறங்கினோம். அவர் பேச்சு சில சமயம் குழறியது. குழறும்போதெல்லாம் நான் பிளசரைப் புகழ்ந்தேன். ஸ்பிரிங்கைப் புகழ்ந்தேன், நாலு கதவைப் புகழ்ந்தேன், மாமியார் உட்காரும் பின்சீட்டைப் புகழ்ந்தேன். கோபத்தில் அவர் தெளிவாகப் பதில் சொன்னார்.

மேகம் விலகுகிற இடத்தில் ஒரு வளைவில் லாரி ஏறி வந்தது. அகலமாக வளைத்துக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டது. நான் பள்ளத்து ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்கியதும் இடது சக்கரம் சரளையில் இறங்கியது. என் கண் லாரியின்மேல் இருந்தது, சரளையை நான் பார்க்கவே இல்லை. கையில்தான் தெரிந்தது. அரிசி களையும்போது கல் அரிசிக்கு நடுவே விரலில் நெருடுமே, அந்த மாதிரி ஒரு நெருடல். எவ்வளவு இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு இறங்கலாம் என்பது அந்த நெருடலிலேயே இருந்தது. ஒரு துளி வலப்பக்கம் கொடுத்தேன். நெருடல் நின்றது. லாரி உரசாமல் போய்விட்டது.

"பாத்தியா?" என்றார் அவர்.

"பாத்தேன்" என்றேன்.

அடிவாரத்து முந்தலில் மலை முடிந்து சாலை நேரானதும் காரை விரட்டினேன். போடி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது என் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுக்க முடிந்தது.

டாக்டர் வயசானவர். கட்டை மெதுவாக அவிழ்த்தார், கையைத் தடவிப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். பாம்பு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். பச்சை, தலை அகலம் என்றேன். அவர் முகம் இளகியது.

"ஏலக்காட்டுப் பச்சை விரியன்தாம்மா. கை நல்லா வீங்கும், வலி உசிரு போகும். ஆனா உசிரு போகாது. வர வேண்டிய நேரத்துல வந்துட்டீங்க. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நர்சு பெரிய டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்து முடித்த பிறகுதான், தோட்டத்திலிருந்து நான் செருப்பே போடாமல் வந்ததைக் கவனித்தேன். தோட்டத்து வாசலில் கழற்றிப் போட்டது அங்கேயே கிடந்திருக்கிறது.

டாக்டர் சொன்னபடியே கை பூசணிக்காய் போல வீங்கி, கறுத்து, வடிந்தது. அதற்குப் பிறகும் பல வாரம் அவரால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அந்த வாரங்களில் மலைக்கும் ஊருக்கும் நான்தான் ஓட்டினேன். ஒரு நாள் சின்னது, ஒரு நாள் பிளசர் என்று மாற்றி மாற்றி எடுத்தேன். பிளசரை மலையில் ஓட்டியபோதுதான் அதன் குணமும் எனக்குப் பிடிபட்டது. அது எல்லாவற்றையும் சொல்லாது, ஆனால் முக்கியமானதை ஒளிக்காது. அளவு மீறினால் டயர் கிறீச்சிடும், உடம்பு சாயும், அவ்வளவு நேரம் கொடுத்துவிட்டுத்தான் வழுக்கும். ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டத்தைக் குறைக்க ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ரொம்ப இறுக்கிவிட்டார். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராகவில்லை, ஒவ்வொரு தடவையும் நானே பிடித்து நேராக்க வேண்டியிருந்தது. மறுபடியும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு வந்தோம். கொஞ்சம் ஆட்டம் இருப்பதும் நல்லதற்குத்தான் போலிருக்கிறது.

இத்தனை நாளும் என் கணவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தார். ஒரு நாள் சின்னக் காரில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வண்டி ஓட்டுறவன்கிட்டதான் பேசுது புள்ள. பக்கத்துல இருக்கவங்களுக்கு ஒதைதான். நீ எப்படித்தான் இதுல ஒக்காந்து வந்த?"

"வாயை மூடிக்கிட்டு வந்தேன்."

"இதக் குடுத்துருவோமா?"

நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் கார் எனக்குப் பிடிக்காமல் இல்லை. அது இல்லாவிட்டால் அன்று சரளையிலிருந்து மீண்டிருப்பேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த மலைச் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு தினமும் இறங்க என்னால் ஆகாது. கை அசந்தாலும் மன்னிக்கிற வண்டி ஒன்று வீட்டுக்கு வேண்டியிருந்தது.

தேனிக்காரருக்குப் பிளசர் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். சின்னதை மெட்டுக்கு மேலே புதிதாகத் தோட்டம் வாங்கியிருந்த, கல்யாணம் ஆகாத ஒரு வாலிபர் எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது, "பாதி திருப்புனாப் போதும்" என்று நான் சொன்னேன். "சரிங்கக்கா" என்று சிரித்துவிட்டு, தெருமுனையில் முழுக்கத் திருப்பினார். கார் சாக்கடை ஓரம் வரை போய்ச் சுதாரித்துக்கொண்டது. என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொட்டிபுரத்தில் ஒரு காதுகுத்து. மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள், ஒரு கூடை வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் பிளசரில் அடைத்துக்கொண்டு கிளம்பினோம். ஓட்டியது நான். சோளக்காட்டுக்கு நடுவே சாலை நேராகக் கிடந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், மாமியார் அதட்டினார். பக்கத்தில் என் கணவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தூக்கத்தை நான் கலைக்கவேண்டியதில்லை என்ற நினைப்பே சுகமாக இருந்தது.